எதற்கு முன் எது

மகள்,

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து விறாந்தையில் இருந்தபோது ஒரு கட்டுக் கொப்பியோடு வந்தீர்கள். நியமனம் கிடைத்து நாலு மாதம். தரம் 8 இல் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். "பாடத்திட்டத்தை முடிக்கச் சொல்றாங்க சேர். பிள்ளைகளுக்கு விளங்குதில்ல. எங்க இருந்து தொடங்குற?" என்று கேட்டீர்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன்.

மேலே இருந்த கொப்பியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினீர்கள். அரைவாசியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்ன கணக்கு. பையன் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். பக்கத்தில் உங்கள் சிவப்புப் பேனையின் பிழை அடையாளம். அந்தப் பக்கம் இந்தக் கிழமை முழுக்க என் கண்ணுக்குள் நிற்கிறது. ஐந்தில் இரண்டு அரைவாசியை விடக் குறைவு. அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், ரொட்டி அரையிலும் குறைந்துவிட்டது என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. எழுதிய பிள்ளைக்கு அதில் ஒரு அதிசயமும் தெரியவில்லை. அவனுக்குக் கூட்டத் தெரியும். அரை என்பது ஒரு அளவு என்பதுதான் அவன் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதைத் தரம் 8 இல் நின்றுகொண்டு திருத்த முடியாது. பின்னால் நடந்து போக வேண்டும். இந்தக் கூட்டலுக்குச் சமவலுப் பின்னம் தெரிய வேண்டும். சமவலுப் பின்னத்துக்கு ஒரே முழுமையை இரண்டு விதமாகப் பங்கிடலாம் என்பது தெரிய வேண்டும். அதற்கு முன்னால், பங்கு என்றால் சமனான பங்கு என்பது தெரிய வேண்டும். இன்னொரு பக்கம் பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளுட் சிறியது, இருக்கிறது; அதற்கு மடங்குகள், மடங்குக்குப் பெருக்கல் வாய்பாடு. இந்தப் படிகளில் எந்தப் படி இல்லை என்று பார்க்காமல், "பகுதிகளைச் சமப்படுத்து" என்று பத்துத் தரம் சொன்னாலும் பதினோராம் தரம் ஐந்தில் இரண்டுதான் வரும்.

முன்னாலும் நடந்து பாருங்கள். தரம் 10 கணிதப் பாடநூலை எடுத்தால் மூன்றாவது அலகு பின்னங்கள். பன்னிரண்டாவது அட்சரகணிதக் கோவைகளின் பொ.ம.சி. பதின்மூன்றாவது அட்சரகணிதப் பின்னங்கள். அந்த வரிசையை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் பையன் இரண்டு வருடத்தில் அந்தப் பதின்மூன்றாவது கதவின் முன்னால் போய் நிற்பான். அன்றைக்கு அவனுடைய ஆசிரியர், இவனுக்கு அட்சரகணிதம் ஏறாது என்பார். அட்சரகணிதத்தில் ஒரு குறையும் இருக்காது. இந்தப் பக்கத்தில் விழுந்த இழைதான் அங்கே போய்த் தெரியும்.

இழை என்று எழுதியதும் மருதமுனை ஞாபகம் வருகிறது. என் வாப்பா மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குக் கல்யாணம் முடித்து வந்தவர். பள்ளி விடுமுறைக்கு அவருடைய உம்மாவின் வீட்டுக்குப் போவோம். அந்த வீட்டில் தறி இருந்தது. நெய்வதைப் பார்க்கத்தான் நாங்கள் ஆசைப்பட்டோம். ஓடம் இப்படியும் அப்படியும் ஓடும் சத்தத்துக்காகவே கிடையாகக் கிடப்போம். ஆனால் நாங்கள் போகும் நாளில் பெரியவாப்பா பெரும்பாலும் நெய்துகொண்டிருக்க மாட்டார். பாவு இழைகளை ஒவ்வொன்றாக, அதற்குரிய கண்ணுக்குள் கோத்துக்கொண்டிருப்பார். நூற்றுக்கணக்கான இழை. பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். ஒருநாள் நான் பொறுமையிழந்து, எப்போது நெய்வீங்க என்று கேட்டேன். அவர் ஒரு பழைய சாரன் துண்டை எடுத்து விரித்தார். அதன் ஒரு ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு, தலைப்பிலிருந்து கடைசி வரை நேராக ஓடியது. ஒரு இழை கண் மாறிக் கோக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை முழம் எவ்வளவு கவனமாக நெய்தாலும் அந்தக் கோடு துணியோடு கூடவே வரும். அவிழ்த்துத் திரும்பக் கோத்தால் ஒழிய போகாது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அவர் சொன்னது நெசவைப் பற்றி என்றுதான் நினைத்தேன். முப்பது வயது தாண்டிய பிறகுதான் அது என் தொழிலைப் பற்றியதாகவும் ஆனது.

எப்படி ஆனது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில், பாடத்திட்டத்தை எல்லோருக்கும் முன்னால் முடிப்பவன் என்று பெயர் எடுத்தேன். செப்டெம்பரில் புத்தகத்தை மூடிவிடுவேன். பிறகு கடந்தகால வினாத்தாள்தான். அதிபரும் பெற்றோரும் மெச்சினார்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று என் வகுப்பில் கணிதத்தில் தேறியவர்களை விடத் தேறாதவர்கள் அதிகம். அதில் ஒரு பையன். விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போய்விட்டு, காலில் மணலோடு பள்ளிக்கு வருவான். வலைக்காரருக்கு இத்தனை பங்கு, இழுத்தவர்களுக்கு இத்தனை பங்கு என்று கரையில் பெரியவர்கள் காசைப் பிரிக்கும்போது, அவர்கள் விரல் மடக்குவதற்கு முன்பே இவன் கணக்கைச் சொல்லிவிடுவானாம். இதை அவன் வாப்பா எனக்குச் சொன்னபோது பெறுபேறு வந்து ஒரு மாதமாகியிருந்தது. பரீட்சையில் விகிதக் கணக்கை அவன் தொடவே இல்லை.

விகிதம் அவன் கையில் ஏற்கனவே இருந்திருக்கிறது. நான் அதை ஒருநாளும் கேட்கவில்லை. கரும்பலகையில் இரண்டு எண்ணை எழுதி நடுவில் இரண்டு புள்ளி வைத்து, இதுதான் விகிதம் என்று தொடங்கினேன். கடைசியில் வர வேண்டிய குறியீட்டை முதலில் வைத்தேன். பொருள் முன்னால், சொல் அதன் பின்னால், குறியீடு எல்லாவற்றுக்கும் பின்னால் என்ற சின்ன ஒழுங்கு எனக்குத் தெரியாமல் போனதற்கு அவன் விலை கொடுத்தான். இப்போது அவனும் பேரப்பிள்ளை கண்ட மனிதன்; கடற்கரையில் கண்டால் ஸலாம் சொல்லிச் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்பது இன்றைக்கும் லேசாக வருவதில்லை.

இந்த ஒழுங்கு புதிதாக எங்கிருந்தோ வந்தது என்று எண்ண வேண்டாம். நாமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓதப்பள்ளிக்குப் போனவர்கள். குர்ஆனின் ஒழுங்கில் ஃபாத்திஹாவுக்கு அடுத்து வருவது 286 வசனம் கொண்ட அல்பகரா, எல்லாவற்றிலும் நீண்ட அத்தியாயம். எந்த லெவ்வையாவது ஒரு பிள்ளையை அங்கே தொடங்கி வைத்ததைக் கண்டீர்களா? முதலில் எழுத்து. பிறகு எழுத்துக்கு மேலும் கீழும் வரும் குறி. பிறகு சேர்த்து ஓதுதல். அதன் பிறகு கடைசி ஜுஸ்உவில், ஆறே வசனம் உள்ள அந்நாஸ் போன்ற சின்னச் சின்ன சூறாக்கள். சின்ன வாய்க்குச் சின்ன மூச்சு. கிதாபின் ஒழுங்கு மாறாதது, புனிதமானது. ஆனால் பிள்ளை அதற்குள் நுழையும் வழி வேறு என்பதை எழுதப் படிக்க மட்டும் தெரிந்த லெவ்வைமார் எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் போகாமல் அறிந்திருந்தார்கள். நாம் பட்டமும் டிப்ளோமாவும் எடுத்துவிட்டு, பாடநூலின் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிப்பதே கற்பித்தல் என்று நம்பிவிட்டோம்.

பெரிய ஆட்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 1957 இல் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்பியதும் அமெரிக்கர்களுக்குத் தங்கள் பள்ளிக்கூடங்களைப் பற்றிய கவலை வந்தது. 1959 இல் வூட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில் விஞ்ஞானிகளும் உளவியலாளர்களும் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஜெரோம் புரூனர் 1960 இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். சுருள் முறைக் கலைத்திட்டம் என்று நீங்கள் கல்வியியலில் படித்தது அதிலிருந்து வந்ததுதான். ஒரு கருத்தை ஒரே தடவையில் கொட்டித் தீர்க்காமல், வருடத்துக்கு வருடம் திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயரத்தில் தொடுவது. பள்ளிவாசல் மனாராவின் சுழற்படியில் ஏறியிருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே கடல்தான் ஜன்னலில் தெரியும். முதல் சுற்றில் தென்னை ஓலை மறைக்கும், அடுத்த சுற்றில் அலை தெரியும், அதற்கும் மேலே போனால் தோணி தெரியும்.

நம் பாடநூல்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. பின்னம் ஆரம்பப் பிரிவில் வருகிறது, தரம் 6 இல் வருகிறது, 10 இல் திரும்பவும் வருகிறது. ஆனால் வகுப்பறையில் நடப்பது வேறு. ஒவ்வொரு ஆசிரியரும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு அடியிலிருந்து தொடங்குகிறார். அல்லது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு உச்சியில் தொடங்குகிறார். முதலாவது செக்குமாட்டுச் சுற்று. இரண்டாவது படியில்லாத மனாரா.

இன்னொரு விதமான தவறும் இருக்கிறது. அதை நான் மாணவனாக அனுபவித்தேன். 1972 இல் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது பெரிய சீர்திருத்தம் வந்தது. நான் அந்த வருடம் ஆறாம் வகுப்பு. 1975 இல், சாதாரண தரத்துக்குப் பதிலாக வந்த என்.சி.ஜி.ஈ. பரீட்சையை முதன்முதலாக எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்தச் சீர்திருத்தத்தில் நல்லவை பல. ஊர்த் தொழில்களைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். மீன்பிடியும் நெசவும் பாடமானது. பெரியவாப்பாவின் தறியைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதி மாக்ஸ் வாங்கியிருக்கிறேன். ஆனால் கணிதத்தில் எனக்குத் தொடையும் அதன் அடைப்புக்குறியும் வந்த வேகத்தில், ஐந்தாம் வகுப்பு வரை நான் கற்றுக்கொண்டு வந்தது அந்தரத்தில் தொங்கியது. பழைய வழியில் ஐந்து வருடம் நடந்த பிள்ளை ஆறாம் வருடம் புதிய பாதையில் இறக்கிவிடப்பட்டான்; இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. பிறகு ஆட்சி மாறியது, திரும்பவும் சாதாரண தரம் வந்தது. 1999 இல் ஆரம்பக் கல்வி மாறியது. 2007 இல் தரம் 6 உம் 10 உம், எட்டு வருடம் கழித்து 2015 இல் மறுபடியும். ஒரே நேரத்தில் தரம் 6 இலும் 10 இலும் புதியது தொடங்கினால், 10 இல் இருக்கும் பிள்ளை அதற்குக் கீழ் வகுப்புகளைப் பழைய முறையில் படித்திருக்கும். மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த இடைவெளியை அங்கிருந்து நிரப்ப முடியாது. அந்த வருடம் அந்த வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான் பாலம் கட்ட வேண்டும். மகள், உங்கள் காலத்திலும் இரண்டு மூன்று சீர்திருத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் புதிய புத்தகத்தைத் திறக்கும் முன்னால், இந்தப் பிள்ளைகள் கையில் இருக்கும் பழைய புத்தகம் எது என்று பாருங்கள்.

சுனாமியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பள்ளி விடுமுறை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் எடுத்தது. நம் ஊரில் கடலோரத் தெருக்களில் வீடுகள் இருந்த இடம் வெறும் சீமெந்து நிலமாகக் கிடந்தது. நீங்கள் அப்போது கைக்குழந்தை. என் பத்தொன்பது வருடப் பாடக் குறிப்புகள், படம் வரைந்த அட்டைகள், வினாத்தாள் கட்டுகள் எல்லாம் ஒரு மர அலுமாரியில் இருந்தன. அலுமாரியே இல்லை.

அடுத்த மாதம் வகுப்புகள் தொடங்கியபோது, கடலிலிருந்து உள்ளே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பின்னேர வேளையில் எங்களுக்கு இடம் தந்தார்கள். மூன்று பள்ளிப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. யார் எதுவரை படித்தார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. சில ஆசிரியர்களும் போய்விட்டார்கள். அன்று இரவு நிவாரணச் சாமான் வந்த ஒரு காட்போட் பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். கணிதத்தில் ஒரு பிள்ளைக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை எவை? நாற்பதுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, இது இல்லாமல் அடுத்தது நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்றால் வெட்டினேன். நிற்காது என்றால் இரண்டுக்கும் இடையில் அம்புக்குறி போட்டேன். சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது இருபத்துமூன்று மிஞ்சியிருந்தது. பத்தொன்பது வருடம் நான் கற்பித்த பாடத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டேன். அதுவரை பக்கம் பக்கமாகத் தெரியும். எது எதைத் தாங்குகிறது என்று தெரியாது.

அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. உம்மாவும் தம்பியும் இல்லை. பேசாது. பெயர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டும். முதல் நாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கடதாசி கொடுத்து, சரி பாதியாக மடியுங்கள் என்றேன். ஓரத்தோடு ஓரம் வைத்து, நகத்தால் அழுத்தி, மிகவும் நேராக மடித்தது அந்தப் பிள்ளைதான். பிறகு அதே கடதாசியை மற்றப் பக்கமாக மூன்றாக மடிக்கச் சொன்னேன். விரித்தால் ஆறு கட்டம். அரைவாசிக்கு நிறம் தீட்டினால் மூன்று கட்டம். மூன்றில் ஒன்றுக்குத் தீட்டினால் இரண்டு கட்டம். இரண்டையும் கூட்டினால் எத்தனை என்று கேட்டேன். "அஞ்சு... ஆறுல அஞ்சு" என்று ஒரு குரல் வந்தது. நான் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கடதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் படி, அன்றைய நிலையில் அந்தப் பிள்ளையால் செய்து முடிக்கக்கூடியதாக இருந்தது. அதனால்தான் இரண்டாவது படி வந்தது. வரிசை என்பது அறிவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்தான் என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததில்லை. மனம் நொந்த பிள்ளைக்கு, பயந்த பிள்ளைக்கு, "எனக்கு ஏறாது" என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிவிட்ட பிள்ளைக்கு, செய்யக்கூடிய முதல் படியைத் தேடி வைப்பது இரக்கம். கணக்குப் பாடத்தில் ஆசிரியரால் காட்டக்கூடிய இரக்கம் பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

பிறகு ஆசிரிய ஆலோசகராக இருந்த வருடங்களில் அந்த அட்டையைப் பல தடவை திருத்தினேன். ஒரு பள்ளியில் விஞ்ஞான டீச்சர், "உங்கட பிள்ளைகளுக்குத் தசமம் பிரிக்கத் தெரியாது சேர், அடர்த்தி எப்படிக் கற்பிக்கிற?" என்று கோபமாகக் கேட்டார். இருவரும் தவணைத் திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் அடர்த்தி தொடங்கும் கிழமைக்கு மூன்று கிழமை பிந்தித்தான் கணித டீச்சரின் தசமப் பிரித்தல் இருந்தது. இருவர் மேசைக்கும் இடையில் பத்தடி தூரம். இரண்டு பாடத்தை இடம் மாற்றினோம், வேறொன்றும் செய்யவில்லை. ரால்ஃப் டைலர் 1949 இல் எழுதிய நூலில், தொடர்ச்சி, வரிசை, ஒருங்கிணைப்பு என்று மூன்றைச் சொன்னார். மூன்றாவதற்கு நம் பள்ளிகளில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் அரைமணி நேரமும் போதும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. நமக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகளை யாழ் நூல் எழுதியவராகவே பலருக்குத் தெரியும். அவர் விஞ்ஞானம் படித்து அதைக் கற்பித்தவர். தமிழில் கலைச்சொல் தேடி உழைத்தவர்களில் ஒருவர். அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த சொற்களை நாம் பிள்ளைக்கு முதலில் கொடுத்து வீணாக்குகிறோம். "பொது மடங்குகளுட் சிறியது" எவ்வளவு தெளிவான சொல்! மடங்குகளை எழுதி, பொதுவானவற்றை வட்டமிட்டு, அதில் சின்னதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்தச் சொல் தானாகவே விளங்கும். முன்னால் கொடுத்தால் பொ.ம.சி. என்ற மூன்று எழுத்துத்தான் மிஞ்சும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, மாற்றவும் தேவையில்லை. தரம் 6 இலிருந்து 11 வரையுள்ள கணிதப் பாடநூல்களைத் தேடி எடுத்து மேசையில் வரிசையாக அடுக்குங்கள். ஒரு புத்தகத்தை முழுக்க வாசிக்க வேண்டாம். பின்னத்தை மட்டும் எடுத்து, ஆறு புத்தகத்திலும் அது வரும் இடங்களை ஒரே இருப்பில் வாசியுங்கள். அது எங்கே ஏறுகிறது, எங்கே ஒரு படி உயரமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த உயரமான படிக்கு முன்னால் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். பாடத்திட்டம் பிந்துமே என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். அந்த இரண்டு பாடவேளை பிறகு வரும் ஆறு பாடவேளையை மிச்சப்படுத்தும். இதை நான் ஒரு வகுப்பில் அல்ல, பல வகுப்பில் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு அலகையும் தொடங்கும் முதல் பத்து நிமிடத்தில் கற்பிக்காதீர்கள். கேளுங்கள். மூன்றே கேள்வி போதும், ஆனால் முந்திய படியிலிருந்து கேளுங்கள். பதிலுக்கு மாக்ஸ் போடாதீர்கள்.

அந்தக் காட்போட் அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் கிழிந்து, அம்புக்குறிகள் மங்கி, ஒரு மூலையில் கரப்பான் தின்றிருக்கிறது. வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள், எடுத்து வைக்கிறேன். வரும்போது அந்தப் பையனின் கொப்பியையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடதாசி என்னிடம் இருக்கிறது.